ரப்பர் அக்கா

4 ஜனவரி

அன்புப் புழுவே,

உடம்பு எப்படி? சாப்பாடு, தூக்கமெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? எனக்கு முதுகு வலியைத் தவிர வேறு குறையில்லை. அதுவும் பழகிப்போய், ஒரு நாள் வலிக்காவிட்டால் எங்கே போயிற்று என்று தேடுகிறேன்.

உன் போன் மூன்று வாரமாக அணைந்தே கிடக்கிறது. மாப்பிள்ளை எண்ணுக்கு அடித்தால், "வேலையில இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. போகட்டும், நாமென்ன போனிலா வளர்ந்தோம்? அப்பா அம்மா போன பிறகு நீ விடுதியில் படித்த ஆறு வருஷமும் வாரம் தவறாமல் கடிதம் போட்டவள் நான். மறுபடியும் பேனாவை எடுத்துவிட்டேன்.

கூடவே ஒரு பார்சலும் வருகிறது. நூலகத்துக்குப் புது நாவல்கள் வந்து இறங்கியிருக்கின்றன. முத்திரை குத்துவது நான் என்பதால் முதலில் படிப்பதும் நான்தான். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா?

ஒன்று 'பதினாறாம் மாடி', துப்பறியும் கதை. லிஃப்ட் பழுது பார்ப்பவன் அந்த லிஃப்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறான். கொன்றவன் யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததும் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். இன்னொன்று காதல் கதை, 'குடை மாறிப்போச்சு'. பல் மருத்துவர் வீட்டு வாசலில் குடை மாற்றி எடுத்துப் போகிற இரண்டு பேர். அசட்டுக் கதைதான், ஆனால் பேச்செல்லாம் அவ்வளவு இயல்பு.

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, கதாநாயகி உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளும் உன் கெட்ட பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகாவது போனதா? இரண்டிலும் உயிரோடுதான் இருக்கிறாள். தைரியமாகப் படி, என் புத்தகப் புழுவே. என் அட்டையில் எடுத்தது, முப்பது நாளில் திரும்பி வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ரப்பர் அக்கா

(இது இங்கே வருகிற பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர். திரும்பி வரும் புத்தகங்களில் ஜனங்கள் போட்ட பென்சில் கோடுகளை அழிப்பது என் வேலை. ரப்பர் இல்லாத என் கையை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.)

*

19 ஜனவரி

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுக்கு அந்தப் பழைய எண்ணெயையே போட்டுத் தேய்க்காதே, யாராவது டாக்டரிடம் காட்டு.

உன் கடிதத்தை அவர்தான் கொண்டு வந்தார். என் கண்ணுக்குச் சிரமம் வேண்டாமென்று அவரே பிரித்துப் படித்துக் காட்டினார். இந்தக் கடிதத்தையும் எழுதி முடித்ததும் அவரிடம்தான் கொடுப்பேன், பிழை இருந்தால் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்ப்பார். என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு போன் என்று அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வெளியே போகிற வேலை எனக்கு அதிகம் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நல்ல பூட்டு ஒன்று போட்டிருக்கிறார். வேலைக்குப் போகும்போது சாவியை எடுத்துக்கொண்டு போவதால் நான் கதவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

துப்பறியும் கதை பிடித்தது. கொன்றவன் யாரென்று எனக்கு முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கதையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை. நல்லவன் என்று எல்லாரும் சொல்கிற ஆளைத்தானே கடைசியில் சந்தேகப்படுவார்கள். காதல் கதை படிக்கவில்லை. அந்த மாதிரி அனுப்ப வேண்டாம்.

இரண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கட்டுவதற்கு முன்னால் அவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பார்த்தார். துண்டுச் சீட்டு ஏதாவது தவறி உள்ளே போய்விடக் கூடாது பார். இடது காதில் ஒரு இரைச்சல் இருக்கிறது. சளிதான்.

உன்
புழு

*

2 பிப்ரவரி

அன்புப் புழுவே,

காதுக்கு மருந்து விட்டாயா? சளி என்று சும்மா இருந்துவிடாதே. கொஞ்சம் வெயிலில் நட, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசு. எந்நேரமும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

பூட்டு, சாவி, உதறல் எல்லாம் படித்துச் சிரித்துவிட்டேன். பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற மனிதர், மயிரிழை விரிசலைக்கூட விடாதவர், வீட்டிலும் அப்படித்தானே இருப்பார்? பஸ்ஸில் கிடந்த எங்கள் நூலகப் புத்தகம் ஒன்றை, முத்திரையைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாரே, அன்றைக்கே முடிவு பண்ணினேன், உனக்கு இவர்தான் என்று. அடுத்தவர் பொருளை இவ்வளவு பத்திரமாகப் பார்க்கிறவன் கட்டினவளை எப்படிப் பார்த்துக்கொள்வான்! மாப்பிள்ளை, இதைப் படித்துக் காட்டும்போது வெட்கப்படாமல் படியுங்கள்.

உனக்குப் பேய்க்கதை அனுப்புகிறேன். 'ஈரத் துணி'. சலவைக்கடைக்கு மேல்மாடியில் குடிவரும் ஒரு பெண், கொடியில் தினமும் காயாமல் தொங்கும் யாருடையதோ ஒரு சட்டை. நான் இரண்டு நாள் கொடிப் பக்கமே போகவில்லை. இன்னொன்று 'சனிக்கோளில் வாடகை வீடு'. அறிவியல் கதை, ஆனால் பயப்படாதே, வீட்டுக்காரன் தொல்லை அங்கேயும் அதேதான்.

இங்கே வேலை தலைக்கு மேல். நாளுக்கு நாற்பது புத்தகம் ரப்பர் போடுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோட்டை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பரீட்சைக்குப் படிக்கிறவன் பத்தி பத்தியாகப் போடுவான். காதலில் விழுந்தவள் ஒரே வரிக்கு மூன்று கோடு போடுவாள். மனசில் இருப்பதை வாய் மறைக்கும், பென்சில் மறைக்காது.

இப்படிக்கு,
ரப்பர் அக்கா

*

20 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தில் கோட்டை வைத்து ஆளைச் சொல்வேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அவரிடம் இன்னொரு தடவை கேட்டுச் சிரித்தேன்.

'ஈரத் துணி' அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். அக்கா, எனக்காக ஒன்று செய். வந்ததும் அவசரப்பட்டு அலமாரியில் வைத்துவிடாதே. நான் படித்த மாதிரியே நீயும் நிதானமாக ஒரு தடவை புரட்டு. பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதென்று எழுது. நீ எழுதுகிறவரை காத்திருப்பேன்.

'சனிக்கோளில் வாடகை வீடு' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்த வீட்டில் காற்றே இல்லை. இன்னும் இருநூறு பக்கம் எப்படி இருப்பது என்று தெரியவில்லை. பாதியில் வெளியே வந்துவிடலாமா? நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.

காது அப்படியே இருக்கிறது. காலையில் கொஞ்சம் தலை சுற்றல். வேறு ஒன்றும் இல்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
புழு

*

11 மார்ச்

அடியே புழு,

நலம்தானே? பதில் தாமதமானதற்குத் திட்டாதே. வருஷாந்திரச் சரிபார்ப்பு நடக்கிறது. பதினெட்டாயிரம் புத்தகத்தையும் இறக்கி, துடைத்து, எண்ணி, ஏற்ற வேண்டும். முதுகு எனக்கா சொந்தம், அலமாரிக்கா என்று தெரியவில்லை.

முதலில் உன்னைத் திட்ட வேண்டும். நூலகப் புத்தகத்தில் கோடு போட உனக்கு எப்படி மனசு வந்தது? அதுவும் ரப்பர் அக்காவின் தங்கை! பார்த்தேன், பார்த்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை, இருபது பக்கம் தள்ளி ஒரு வார்த்தை. குறுக்கெழுத்துப் போட்டி நடத்துகிறாயா? சரிபார்க்க வரும் அதிகாரி கண்ணில் பட்டால் என் மானம் போகும் என்று உட்கார்ந்து முழுவதையும் அழித்தேன். இதெல்லாம் வேண்டாத வேலை. இனிமேல் இப்படிச் செய்யாதே.

அப்புறம், பாதியில் வெளியே வந்துவிடலாமா என்று கேட்டாய். கூடவே கூடாது. முதல் நூறு பக்கம் மூச்சு முட்டத்தான் செய்யும், யாருக்குத்தான் முட்டவில்லை? பல்லைக் கடித்துக்கொண்டு இரு. போகப் போகப் பழகிவிடும், பிறகு அந்த வீட்டுக்காரனையே உனக்குப் பிடித்துப்போகும். சின்ன வயசிலிருந்தே உனக்கு எதையும் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருகிற குணம் உண்டு. விடுதியிலிருந்து இரண்டு தடவை ஓடி வந்தாயே, நான்தானே திருப்பிக் கொண்டுபோய் விட்டேன்? அதனால்தானே படிப்பை முடித்தாய்? அது மாதிரிதான் இதுவும். கடைசிவரை இருந்து பார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ரப்பர் அக்கா

*

30 மார்ச்

அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. அவர் படித்துக் காட்டினார். பிறகு நான் வாங்கி ஒரு தடவை படித்தேன்.

நீ சொன்னபடியே இருக்கிறேன். இனிமேல் கோடு போட மாட்டேன். உன்னைத் தொந்தரவு செய்ததற்கு மன்னித்துவிடு.

'சனிக்கோளில் வாடகை வீடு' திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கம் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

9 மே

அன்புப் புழுவே,

என்னடி கோபம்? மார்ச் மாதக் கடிதத்துக்கு மறுவாரமே பதில் போட்டு, கூடவே 'உப்புத் தளபதி'யும் அனுப்பினேன். சரித்திர நாவல், உப்பு வண்டிகளைக் காவல் காத்த ஒருத்தியின் கதை, நீ விழுந்து விழுந்து படிப்பாய் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆகிறது. புத்தகமும் இல்லை, பதிலும் இல்லை. கெடுவும் தாண்டிவிட்டது.

கடைசியாக வந்த கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எட்டு வரி. விடுதியிலிருந்து ஓடி வரப்போகிறேன் என்று மிரட்டும்போதுகூட நீ நான்கு பக்கம் எழுதுவாய். 'புழு' என்று கையெழுத்துப் போடாமல் 'தங்கை' என்று போட்டிருக்கிறாய். கோட்டுக்காகத் திட்டியது உறைத்துவிட்டதா? அக்கா திட்டாமல் யார் திட்டுவார்கள்? வேண்டுமானால் புத்தகம் முழுக்கக் கோடு போடு, நான் அழித்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுது. மனசு சரியில்லை.

உன்
அக்கா

*

22 மே

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் நலம்.

தங்கள் தங்கை இம்மாதம் 12ஆம் தேதி மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. ஐந்தாம் மாதம். அவளுக்குக் கவனம் போதாது என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான்.

எழுத முடியாததால் என்னை எழுதச் சொன்னாள். தாங்கள் நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். ஓய்வுதான் முக்கியம். நாவல்களும் இனி அனுப்ப வேண்டாம். கண்டதைப் படித்து மனசு அலைபாய்கிறது, அதனால்தான் படியைப் பார்த்து நடப்பதில்லை.

'உப்புத் தளபதி' இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நன்றாக உதறிப் பார்த்துவிட்டேன். தாமதத்துக்குப் பொறுத்தருளவும்.

இங்ஙனம்,
தங்கள் மாப்பிள்ளை

*

5 ஜூன்

என் கண்ணே,

இதை அனுப்ப முடியாது. அனுப்பினால் அவன்தான் பிரிப்பான். எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஐந்து மாதம். எனக்குச் சொல்லவே இல்லையே என்றுதான் முதலில் அழுதேன். பிறகுதான், உனக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று தோன்றியது. கடிதத்தை அவன் பிரிக்கிறான், அவன் மூடுகிறான், பார்சலை உதறுகிறான். நீ எழுதியதையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் சொல்லித்தான் இருக்கிறாய். நான் சிரித்திருக்கிறேன்.

அப்போதுதான் கோடு ஞாபகம் வந்தது. 'ஈரத் துணி' அலமாரியில்தான் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஜன்னலோரம் வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் ஒவ்வொரு தாளாகச் சாய்த்துப் பார்த்தேன். பென்சில் போய்விட்டது, நீ அழுத்திய தடம் போகவில்லை. மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். பத்து வார்த்தை கிடைத்தது. அக்கா. கதவு. வெளியே. பூட்டு. தினமும். அடி. பயம். வயிற்றில். குழந்தை. வா.

கடைசிப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதைப் படிக்க முடியவில்லை. அங்கே ரொம்ப அழுத்தி அழித்திருக்கிறேன், தாள் நைந்துபோயிற்று.

கோட்டை வைத்தே ஆளைச் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவள், என் தங்கையின் கோட்டைப் படிக்காமல் ரப்பர் போட்டேன். பார்த்தேன் என்று வேறு எழுதினேன். வேண்டாத வேலை என்று எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரு, வீட்டுக்காரனைப் பிடித்துப்போகும் என்று எழுதினேன். சத்தியமாக நான் அந்த நாவலைத்தான் சொன்னேன். உனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்!

அவன் கடிதம் வந்த மறுநாளே பஸ் ஏறி வந்தேன், உனக்குத் தெரியாது. கதவை ஒரு சாண்தான் திறந்தான். "தூங்குறா அண்ணி, டாக்டர் எழுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றான். அப்போது எனக்கு இந்தப் பத்து வார்த்தை தெரியாது. திரும்பிவிட்டேன். நேற்று எல்லாம் தெரிந்த பிறகு போலீஸுக்குப் போனேன். சம்பந்தப்பட்ட பெண் வாயால் சொன்னால்தான் ஆயிற்று, அக்கா சொன்னால் குடும்பச் சண்டை என்கிறார்கள். பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறார். வருகிற 17ஆம் தேதி புதன்கிழமை வண்டியோடு வரச் சம்மதித்திருக்கிறார், அதற்கு முன் அவருக்கு நாள் இல்லை. பூட்டை உடைக்கக்கூட ஆள் உண்டு. ஆனால் நீ ஜன்னலில் நின்று "ஆமா, கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்போது நீ சொல்வாயா? அக்கா கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நீ சொல்வாயா?

அதற்குத்தான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். இனி உனக்கு நான் சிபாரிசு செய்யப்போகிற நாவலை யாரும் எழுதவில்லை. அவன் வாயாலேயே அதை உனக்குப் படித்துக் காட்டட்டும்.

அக்கா

*

8 ஜூன்

அன்புப் புழுவே,

கைக்கட்டு எப்படி இருக்கிறது? நடந்தது நடந்துவிட்டது, மனசைத் தேற்றிக்கொள். மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்ததும் நிம்மதியானேன்.

புத்தகம் அனுப்பக் கூடாதென்று அவர் சொல்வது நியாயம். ஆனால் படுத்துக் கிடப்பவளுக்குப் பொழுது போக வேண்டாமா? அதனால் போன வாரம் படித்த ஒரு நாவலின் கதையை மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளை, அவளுடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

பெயர் 'புதன்கிழமை வண்டி'. புது நாவல், குடும்பக் கதைதான். ஒரு அக்கா, ஒரு தங்கை. தங்கை ஒரு சேதி அனுப்புகிறாள். அக்கா ஒரு மக்கு, அதைப் படிக்காமலே தொலைத்துவிட்டு, என்னவோ பதில் எழுதிவிடுகிறாள். அந்தப் பதில் வேறு எதற்கோ எழுதியது என்று தங்கைக்குத் தெரியாது. எனக்குப் படிக்கும்போதே அந்த அக்காவை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. பிறகு அவளுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. பதினேழாம் அத்தியாயத்தில், புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, வண்டி பிடித்து வருகிறாள். தங்கை மூட்டை முடிச்சு எதுவும் கட்டவில்லை. ஜன்னல் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள், அவ்வளவுதான்.

கடைசிப் பக்கத்தில் அவள் உயிரோடு இருக்கிறாள்.

உன்
ரப்பர் அக்கா

*

13 ஜூன்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

நலம். தாங்களும் அவ்வாறே இருக்க விரும்புகிறேன்.

தங்கள் கடிதத்தைத் தாங்கள் கேட்டுக்கொண்டபடி வலது காதுப் பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவள் அல்ல அவள். இவ்வளவு பிடித்திருக்கிறதே, வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்து இங்குள்ள மூன்று புத்தகக் கடைகளிலும் விசாரித்தேன். பெரிய கடையில் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தார்கள். 'புதன்கிழமை வண்டி' என்று ஒரு நாவலே வரவில்லை என்கிறார்கள்.

பாட்டிலில் விரிசல் எங்கே இருக்கும் என்று இத்தனை வருஷம் பார்த்துப் பழகியவன் நான்.

வருகிற 17ஆம் தேதி புதன்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். தாங்கள் வருவதானால் பதினோரு மணிக்கு வரலாம். கதவு திறந்தே இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் மாப்பிள்ளை

*

2 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது காது இனி வராது என்று இந்த ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்தின் இந்த விடுதியில் என்னைத் தவிர ஒன்பது பேர் இருக்கிறார்கள். சாப்பாடு பரவாயில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது?

மூன்று கடிதமும் வந்தன. வீட்டுக்கு ஏன் வர மாட்டேன் என்கிறாய் என்று மூன்றிலும் கேட்டிருக்கிறாய். உன் வீடு அவனுக்குத் தெரியும், வழக்கு முடிகிறவரை வேண்டாம் என்று அலுவலக அம்மா சொல்லியிருக்கிறார். அது ஒரு காரணம். இன்னொன்றை நான்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் புதன்கிழமை நீ வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அவன் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டான். கூடத்தில் நான்கு நாற்காலி போட்டான். என்னை நடுவில் உட்கார வைத்து, "என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லு. அவங்க போயிடுவாங்க, நான் இங்கயேதான் இருப்பேன்" என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். பயத்தில் மட்டும் ஆட்டவில்லை. உன் நாவலைக் கேட்டபோது பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. முன்பு ஒரு தடவை நம்பித்தானே கோடு போட்டேன்.

அந்த அம்மா கேட்டபோது நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னேன். அவர் எழுந்தேவிட்டார். அப்போது நீ பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து எல்லார் முன்னாலும் படித்தாய். பத்து வார்த்தை. ஒரு வார்த்தைகூட வரிசை தப்பவில்லை. "இது நீ எழுதினதா?" என்று கேட்டாய். அவன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதை மறக்க மாட்டேன்.

ஆனால் அக்கா, மார்ச்சிலிருந்து ஜூன் வரை நான் நீ படித்துவிட்டாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு, அழித்துவிட்டு, இருந்துக்கோ என்று சொல்லிவிட்டாய் என்று. அவன் அடித்ததைவிட அதுதான் வலித்தது. படியில் விழுந்தேனா, தள்ளினானா என்று வக்கீல் கேட்கிறார். தள்ளினான். ஆனால் நான் கைப்பிடியைப் பிடிக்கப் பார்க்கவில்லை. யாருக்காகப் பிடிப்பது என்று இருந்தது. இப்போது உண்மை தெரியும். உன் மேல் தப்பில்லை என்று நானே எனக்குத் தினமும் சொல்லிக்கொள்கிறேன். இன்னும் மனசு கேட்கவில்லை. கேட்கும்போது நானே வருவேன்.

என்ன நாவல் அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய். துப்பறியும் கதையா, பேய்க்கதையா, காதல் கதையா என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். எதுவும் வேண்டாம். இங்கே ஒரு அலமாரி இருக்கிறது, போதும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீ அன்று படித்தது பத்து வார்த்தை. நான் போட்டது பதினொன்று. கடைசிப் பக்கத்தில் போட்டேன். உனக்குத்தான் என் கெட்ட பழக்கம் தெரியுமே, முதலில் அங்கேதான் பார்ப்பாய் என்று நினைத்தேன். அதனால்தான் அதை மட்டும் ரொம்ப அழுத்திப் போட்டேன். நீயும் அதை ரொம்ப அழுத்தி அழித்திருக்கிறாய், படிக்க முடியவில்லை, என்ன வார்த்தை என்று கேட்டு எழுதியிருக்கிறாய்.

'சீக்கிரம்.'

பேனாவில் எழுதுகிறேன்.

புழு